முள்ளில்லாக் கள்ளி

பழைய ஊர் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியபின் எழுந்த தெல்தெனியவின் வீட்டு முற்றங்களில், சட்டிக் கள்ளிகளைக் காண்கிறோம். ஆண்டு முழுதும் காத்திருந்தாலும் விரற்கடை அளவே பருக்கும் அந்த முள்ளுருண்டைகளின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அம்பாந்தோட்டைப் பக்கம் மண்டிக் கிடக்கும் நாகதாளியும் வந்தேறியே. வெட்டினாற் பால் வடிக்கும் நம் சதுரக்கள்ளியோ வேறு குடும்பம்.

ஆயினும் அமெரிக்காவுக்கு அப்பாலும் இயற்கையாய் வாழும் கள்ளி ஒன்றே ஒன்று உண்டு. ரிப்சாலிஸ் பாக்சிபெரா என்னும் அது ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நம் ஈரமலைக் காடுகளிலும் வளர்கிறது. சிங்களத்தில் வல் நவஹந்தி. அதாவது காட்டுத் திருகுகள்ளி. விதையைப் பறவை கொணர்ந்ததென்பர் சிலர். கப்பலோட்டிகள் கொணர்ந்தனர் என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இதனைக் கள்ளியென்று யாரும் எளிதில் நம்பார். பென்சிலினும் மெல்லிய பச்சைத் தண்டுகள், இலையேதுமின்றி, கிளை கிளையாய்ப் பிரிந்து மரக்கொம்பிலிருந்து தொங்குகின்றன. இளங்கன்றிலே மட்டும் மயிர்போன்ற சிறுமுட்கள். வளர்ந்தபின் அவையும் இல்லை. தண்டின் ஓரங்களில் வெளிறிய சின்னஞ்சிறு பூக்கள். பின்னர் முத்துப்போன்ற வெண்கனிகள். இதனை முதலில் விவரித்தவரே கொத்தான் இனமென்று கருதிவிட்டார்!

ஆகவே, மரத்தைக் கெடுக்கும் குருவிச்சையென்று கத்தியை எடுப்போரை நாம் குறைகூறோம். அறுக்குமுன் ஒட்டிய இடத்தைப் பார்த்தாற் போதும். குருவிச்சை கொம்பைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். இதுவோ பட்டைமேல் வேரூன்றி, மழைநீரையும் மக்கிய சருகையும் கொண்டே வாழ்கிறது.