கறிவேப்பிலை தழைக்க வேண்டுமா? நுனியை ஒடியுங்கள்

தோட்டத்து லயங்களில் கொல்லைப்புறக் கறிவேப்பிலை மரம் ஊருக்கே பொது. தாளிக்கும் நேரத்தில் யாராவது வந்து ஒரு கொத்து ஒடித்துப் போவார்கள்; மரமும் அடர்ந்து நிற்கும். தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் தொட்டியில் வளர்ப்பவர்களோ, "குச்சியாகவே நிற்கிறது" என்று குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம், செடி பாவம் என்று நுனியைத் தொடாமல் கீழ் இலைகளை மட்டும் உருவுவதுதான்.

நுனி இருக்கும்வரை செடி மேல்நோக்கியே ஓடும். நுனி போனால்தான் கீழேயுள்ள மொட்டுகள் பக்கக் கிளைகளாக விரியும். எனவே முழங்கால் உயரம் வந்ததும் நுனியை வெட்டுங்கள். சமையலுக்கும் கிளை நுனியோடு ஒடியுங்கள். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள்.

தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். தொட்டி ஓரடி அகலமாவது இருக்கட்டும். அடியில் துளை அவசியம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகி இலை மஞ்சளாகும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

புதுக் கன்றுக்கு, கறுத்துப் பழுத்த பழத்தின் விதையை உடனே ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைப்பது அரிது. மரத்தடியில் முளைக்கும் வேர்க்கன்றையும் சொந்த வேரோடு பிரித்து நடலாம்.

வெட்டிய பின் வரும் துளிரைக் கவனியுங்கள். 'சில்லிட்' என்ற பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும். பூச்சி 3, 4 மில்லிமீட்டர்தான். வாலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும். துளிர் சுருண்டு, வெள்ளை மெழுகு இழைகள் தெரிந்தால் அதன் குஞ்சுகள் இருக்கின்றன.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இந்தப் பூச்சியால் கறிவேப்பிலை சாகாது. ஆனால் பக்கத்திலுள்ள எலுமிச்சைக்கும் லீமாவ் கஸ்தூரிக்கும் 'கிரீனிங்' நோயைப் பரப்பக்கூடியது இதுதான். அந்நோய்க்கு மருந்து இல்லை; மரம் படிப்படியாகப் பட்டுப்போகும்.

ஆகவே பூச்சி கண்ட துளிரை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். மாலையில் வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளியுங்கள். சில நாள் விட்டு, கழுவிய பிறகே சமையலுக்கு எடுங்கள். பூச்சி உள்ள செடியிலிருந்து கன்றோ கொத்தோ யாருக்கும் கொடுக்க வேண்டாம்.