வளையத் தெரிந்த கோல்

பெங்களூருவைச் சுற்றியுள்ள ஏரிகளில், ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரங்களில் விரால் மீன் பதுங்கியிருக்கும். அதைப் பிடிக்க வருகிறவர்களில் சிலர் மண்புழு கொண்டுவருவதில்லை. ரப்பர் தவளையை இலைகளின் மேல் எறிந்து, தத்தித் தத்தி வருவதுபோல் இழுக்கிறார்கள். விரால் அதை உண்மைத் தவளை என்று நம்பிப் பாய்ந்து கவ்வுகிறது!

இப்படிப் பொய் இரைகள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தூண்டில் கோல் வேண்டும். ஏன் என்று தெரிய ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் போதும்.

அளவுகோலை மேசை விளிம்பில் 10 செ.மீ. நீட்டி, அழுத்திப் பிடியுங்கள். நுனியில் ஒரு சிறு எடையைக் கட்டி, நுனி எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள். பிறகு 20 செ.மீ. நீட்டி, அதே எடையைக் கட்டுங்கள். நீளம் இரண்டு மடங்குதான். ஆனால் வளைவு ஏறக்குறைய 8 மடங்கு! 2×2×2 என்று பெருகுகிறது. தடிமன் கூடினாலோ வளைவு இதே வேகத்தில் குறையும். அதனால்தான் கோல் கைப்பக்கம் தடித்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கிறது.

கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது இரையின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோலில் ஆற்றல் சேர்கிறது. கோல் நிமிரும்போது அந்த ஆற்றல் இரைக்குப் போய், அதைத் தூர எறிகிறது. 5 கிராம் இரையால் தடித்த கோலை வளைக்க முடியாது. இரை பக்கத்திலேயே விழும்.

ரப்பர் தவளைக்கு வருவோம். செடியில் சிக்காதபடி அதன் தூண்டில் முட்கள் முதுகோடு ஒட்டிக்கிடக்கும். விரால் கடித்ததும் ரப்பர் அமுங்கி முட்கள் வெளியே வரும். தடித்த அந்த முட்களைத் தாடையில் ஏற்றவும், மீனைச் செடிகளுக்குள் இருந்து இழுக்கவும் விறைப்பான கோல் தேவை. நுனி மட்டும் வளைந்தால் போதும்.

மோவாயில் சிறு தகடு வைத்த பிளாஸ்டிக் மீன் இதற்கு நேர்மாறு. இழுத்தால் தண்ணீர் தகட்டை அழுத்த, அது ஆழத்துக்கு இறங்கி இடமும் வலமும் நெளியும். உண்மை மீனின் உடலோரம் உள்ள பக்கக்கோடு என்ற உறுப்பு அந்த அதிர்வை உணரும். கலங்கிய நீரிலும் இரை இருக்கும் இடம் தெரிந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக் மீனின் மும்முனை முட்கள் சிறியவை, மேலாகத்தான் பிடிக்கும். விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும். நடுப்பகுதிவரை வளையும் கோல் மீனோடு இசைந்து கொடுக்கும். ஒரே கோல்தான் வாங்க முடியும் என்றால் 7 அடி நடுத்தரக் கோலைச் சொல்வேன். தவளைக்கு மட்டும் அது போதாது.

காவிரியின் திமில் மஷீர் என்ற பெரிய மீனுக்கோ மிக வலுவான கோல் வேண்டும். 1946இல் காவிரியில் கலக்கும் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஷீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் திமில் மஷீர் இயற்கையாக வாழ்வதில்லை. இன்று இது அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலிலும் அப்படியே சேர்த்தார்கள். மெல்லிய கோலால் நெடுநேரம் இழுத்தால் மீன் களைத்துப்போகும், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். தற்செயலாக ஒரு மஷீர் தூண்டிலில் மாட்டினால், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி உடனே விட்டுவிடுங்கள்.