கணக்குத் துறையின் கதவைத் திறந்த தமிழ்ப் பெண்

மார்ச் 31 நெருங்கி விட்டால், மும்பையில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. மாட்டுங்காவில் இருந்தும், செம்பூரில் இருந்தும், தாராவியில் இருந்தும் காலையில் மின்சார ரெயிலைப் பிடிக்கும் தமிழ்ப் பெண்கள் பலர், அந்த நாட்களில் இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்புவார்கள்.

பற்றும் வரவும் சரியாக நிற்க வேண்டும். 90 ரூபாய் உதைக்கிறதா? வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறது. 540 என்பதை யாரோ 450 என்று இலக்கம் மாற்றி எழுதி இருக்கலாம். அனுபவசாலிக்கு இது சட்டென்று பொறி தட்டும். புதிதாக வந்தவர் விடிய விடியத் தேடுவார். பல ஆண்டுகள் பழகிய கணக்குப் பெண்மணியை இழக்க எந்த முதலாளிக்கும் மனம் வராததற்கு இதுதான் காரணம்.

ஆனால், பெண்ணை நம்பிக் கணக்கை ஒப்படைக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அப்போது துணிந்து இந்தத் துறைக்குள் நுழைந்தவர், ஆர்.சிவபோகம்.

சிறையில் எடுத்த முடிவு

1907-ம் ஆண்டு பிறந்த சிவபோகம், சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் குதித்து, வேலூர் சிறையில் ஓராண்டு இருந்தார். வெளியே வந்ததும் கணக்குத் தணிக்கை படிப்பது என்று அங்கேயே முடிவு செய்தார்.

அந்தப் படிப்புக்கும் இந்த நகருக்கும் தொடர்பு உண்டு. "ஜி.டி.ஏ." எனப்பட்ட அந்த அரசாங்க டிப்ளமோ, 1918-ம் ஆண்டு பம்பாயில்தான் தொடங்கப்பட்டது. 1933-ம் ஆண்டு சிவபோகம் அதில் தேறினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான்!

குறுக்கே நின்ற விதி

தேறியும் தொல்லை தீரவில்லை. சிறை சென்றவர்கள் ஆடிட்டராகப் பதிவு செய்ய முடியாது என்று வெள்ளையர் அரசின் விதி குறுக்கே நின்றது. சிவபோகம் கோர்ட்டுப் படி ஏறினார். வெற்றி பெற்று, 1937-ம் ஆண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அன்று ஆடிட்டர்களில் பெரும்பாலோர் ஆண்களே. அவர்களின் தென்மண்டலக் கவுன்சிலுக்கு 1955 முதல் 1958 வரை தலைவராக இருந்தவர் சிவபோகம். இறுதித் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கு 1956-ம் ஆண்டு ஒரு பரிசும் ஏற்படுத்தினார். 1966-ம் ஆண்டு அவர் காலமானார்.

இன்று பிளஸ்-2 தேறிய பெண், நேராக சி.ஏ. பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பதிவு செய்ய அவள் கோர்ட்டுக்குப் போக வேண்டியது இல்லை. அந்த வழக்கை சிவபோகம் அன்றே நடத்தி முடித்து விட்டார்.