ரயில் பாதை தேர்ந்தெடுத்த ஊர்

சென்ற ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் கனடாவில் வின்னிபெக் நகரில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தோம். போன மறுநாளே மாப்பிள்ளை எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். "மாமா, ஊருக்குத் தெற்கே நதிக்கரையோரம் ஒரு வீடு பார்த்திருக்கோம். விலை சகாயம். நீங்க என்ஜினீயராச்சே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் மண்ணையும் ஜல்லியையும் பார்த்துக் காலம் கழித்தவன் நான். வீடு என் துறை அல்ல. இருந்தாலும் மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? முதலில் ஊரைப் பார்ப்போம், பிறகு வீட்டைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

ஊர் ஒரே சமதளம். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் பனி உருகித் தேங்கிய மாபெரும் ஏரியின் அடித்தளம்தான் இந்தப் புல்வெளி. நடுவே ரெட் நதியும் அஸ்ஸினிபோயின் நதியும் கூடும் இடம் 'ஃபோர்க்ஸ்'. பூர்வகுடி மக்கள் சுமார் 6,000 வருடங்களாகக் கூடிய இடம் அது. பின்னர் ரயில்வே யார்டாக இருந்து, 1989-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே கடைகளும் நடைபாதைகளும் இருக்கின்றன.

அந்தப் புல்வெளிக்கு வந்த முதல் ரயில் என்ஜின் 1877-ல் படகில் ஏறித்தான் வந்தது. அதன் பெயர் 'கவுன்டெஸ் ஆஃப் டஃப்ரின்'. நம் நாட்டில் டஃப்ரின் ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர் தந்த அதே சீமாட்டிதான்! அவர் கணவர் கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த பிறகே இங்கு வைஸ்ராயாக வந்தார்.

இனிதான் விஷயம். நாட்டின் குறுக்கே போகும் பெரிய பாதை ரெட் நதியை எங்கே கடப்பது என்ற கேள்வி எழுந்தது. சர்வே செய்த தலைமை என்ஜினீயர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், வடக்கே செல்கர்க் என்ற இடத்தைச் சொன்னார். அங்கே கரை உயரம், வெள்ளம் ஏறாது. வின்னிபெக்கோ 1826-ல் பெருவெள்ளத்தில் மூழ்கிய இடம். ஆனால் வின்னிபெக் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பாலம் கட்டித் தருகிறோம், ஸ்டேஷனுக்கு இலவச நிலம், 2 லட்சம் டாலர் ரொக்கம், நிரந்தர வரி விலக்கு என்று அள்ளிக் கொடுத்தார்கள். 1881-ல் கனடியன் பசிபிக் ரயில்வே பாதையைத் தெற்கே திருப்பியது.

பலன் உடனே தெரிந்தது. 1881-ல் 8,000 பேர்கூட இல்லாத ஊர், 1911-ல் 1,36,000 பேர் வாழும் நகரமாயிற்று. மேற்கின் கோதுமையெல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. கோதுமைப் பணத்தில் எழுந்த கிடங்குகளும் வங்கிகளும் 'எக்ஸ்சேஞ்ச்' வட்டாரத்தில் இன்னும் நிற்கின்றன. 1914-ல் பனாமா கால்வாய் திறந்து சரக்கு வேறு வழி போனதும் வளர்ச்சி மந்தமாயிற்று. இடித்துக் கட்ட ஆள் இல்லாததால் பழைய கட்டடங்கள் தப்பின! 1997-ல் அந்த வட்டாரம் தேசியப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது.

என் மனதைத் தொட்டது ஹிக்கின்ஸ் அவென்யூவில் உள்ள பழைய ஸ்டேஷன். ஐரோப்பாவிலிருந்து மூட்டை முடிச்சுடன் வந்த குடியேறிகள் கால் வைத்த இடம். பாதை வந்ததால் நிலம் இழந்தவர்கள் பூர்வகுடிகள். 1992-ல் பூர்வகுடி மக்களின் அமைப்பே அந்த ஸ்டேஷனை வாங்கிப் பயிற்சிக்கும் சமூகப் பணிக்கும் உரிய இடமாக்கியது.

ஃபிளெமிங் அஞ்சியது 1950-ல் நடந்தது. ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுவது. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும். வடக்கே நதி இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் போக வழியின்றிப் பரவும். அந்த ஆண்டு சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அதன் பிறகு மாகாண முதல்வர் டஃப் ராப்ளின், நகரைச் சுற்றிக் கிழக்கே 47 கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளக் கால்வாய் வெட்ட முனைந்தார். வீண் செலவு, 'டஃப்பின் சாக்கடை' என்று கேலி செய்தார்கள். 1962-ல் தொடங்கி 1968-ல் முடிந்தது. 1997-ல் வந்த பெருவெள்ளத்தில் அதுதான் நகரைக் காப்பாற்றியது. கேலிப் பெயரே பெருமைப் பெயராயிற்று.

கால்வாயின் தலைப்பில் நதிக்குள் இரண்டு ராட்சதக் கதவுகள். சாதாரண நாளில் படுக்கையில் மூழ்கிக் கிடக்கும். வெள்ளம் வந்தால் உயர்ந்து தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பும். அப்போது கதவுக்குத் தெற்கே நீர்மட்டம் ஏறும். 1997-ல் அந்தப் பக்கம் கிராண்ட் பாயின்ட் பகுதியில் வீடுகள் மூழ்கின. நகரம் தப்பியதற்கு அவர்களும் ஒரு விலை கொடுத்தார்கள்.

அன்று மாலை வரைபடத்தை விரித்து மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் பார்த்த வீடு கதவுக்குத் தெற்கே இருந்தது. "விலை ஏன் சகாயம்னு இப்ப புரியுதா, மாப்பிள்ளை?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து நகருக்குள், கொஞ்சம் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள்.

நாக்பூர் திரும்பிய பிறகும் இதே நினைப்பு. 1867-ல் ரயில் வந்த நம் ஊரும் பாதையால் வளர்ந்த ஊர்தான். நம்மில் பலரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்த ரயில்தான். 2023 செப்டம்பரில் அம்பாசரி ஏரி வழிந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது, அந்த வழியில் என்ன கட்டினோம் என்று யார் கேட்கிறோம்? வீடு வாங்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: பத்திரத்தைப் பார்க்கும் முன் நிலத்தின் மட்டத்தைப் பாருங்கள். பாதையை நாம் வளைத்துவிடலாம். நதி தன் பழைய வழியை மறப்பதில்லை.