உங்க தெருவுக்கு மாஸ்டர் பிளான்ல என்ன கலர்? அதை மாத்தணும்னா யார்கிட்ட கேட்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கப்பட்டது.)



ஒரு காலி மைதானம்னு வெச்சுக்கோங்க. சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. மழைக்காலத்துல சுத்தி இருக்கிற நாலு தெருத் தண்ணியும் அங்கதான் போய் நிக்கும். ஒருநாள் காலைல அங்க ஜேசிபி வந்து நிக்குது. உடனே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் சூடாகுது. "இதுக்கு எப்படி பர்மிஷன் குடுத்தாங்க?"

பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில் பல மாசத்துக்கு முன்னாடியே, சில சமயம் பல வருஷத்துக்கு முன்னாடியே, ஒரு வரைபடத்துல எழுதியாச்சு. அந்த வரைபடத்தை மாத்தச் சொல்லி நம்மளும் கேட்கலாம். எப்போ, யார்கிட்ட, எப்படிங்கறதுதான் இன்னைக்கு எபிசோட். சென்னையை உதாரணமா எடுத்துக்கறேன்.

வரைபடம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. இந்தச் சட்டத்தின் கீழதான் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாஸ்டர் பிளான் போடுது. அரசு ஆவணங்கள்ல 'முழுமைத் திட்டம்'னு இருக்கும். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பர்ல ஒப்புதல் ஆச்சு. 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போட்ட திட்டம், இலக்கு ஆண்டு 2026.

இதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு மண்டலம் குறிச்சிருப்பாங்க. பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸட் ரெசிடென்ஷியல், கமர்ஷியல், இன்ஸ்டிடியூஷனல், இண்டஸ்ட்ரியல், விவசாயம், திறந்தவெளி - பொழுதுபோக்கு, இப்படி. மண்டலத்துக்கு ஒரு கலர். எந்த மண்டலத்துல என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம்ங்கறதை 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் சொல்லுது.

இங்க ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். பட்டா யார் பேர்ல இருக்குங்கறது ஒண்ணு. அந்த இடத்துல என்ன செய்யலாம்ங்கறது வேற ஒண்ணு. அதே மாதிரி, ஒரு இடம் காலியா இருக்கறதும் அது 'திறந்தவெளி'ன்னு குறிக்கப்பட்டிருக்கறதும் ஒண்ணு கிடையாது. முப்பது வருஷமா கிரிக்கெட் ஆடின மைதானம் பிளான்ல குடியிருப்பு மண்டலமா இருக்கலாம். அப்படின்னா அங்க வீடு கட்ட யாரும் எந்தக் கலரையும் மாத்தத் தேவையில்ல. கட்டிட அனுமதி வாங்கினா போதும்.

அதனால முதல் வேலை, சர்வே நம்பரைக் கண்டுபிடிக்கறது. சிஎம்டிஏ இணையதளத்துல கிராமத்தையும் சர்வே நம்பரையும் குடுத்தா என்ன மண்டலம்னு காட்டும். கிராமம்னா வருவாய்த் துறைக் கணக்குல இருக்கிற கிராமம். நம்ம டெலிவரி ஆப்ல போடற ஏரியா பேரும் அதுவும் வேற வேறயா இருக்கலாம். பட்டாவுல சரியான பேர் இருக்கும். உட்பிரிவையும் விட்டுடாதீங்க. 112/1-க்கு ஒரு மண்டலம், 112/2-க்கு இன்னொரு மண்டலம்னு இருக்க வாய்ப்பு உண்டு.

முதல் வாசல்: பிளான் எழுதும்போது

புதுசா மாஸ்டர் பிளான் போடும்போது வரைவு தயாராகி, அரசு இசைவு குடுத்ததும், பொது அறிவிப்பு வரணும். சட்டத்தோட 26-வது பிரிவு இது. ஆட்சேபணை, ஆலோசனை சொல்லக் குறைஞ்சது ரெண்டு மாசம் அவகாசம் தரணும். யார் வேணா எழுத்துல குடுக்கலாம். நிலம் சொந்தமா இருக்கணும்னு அவசியமே இல்ல. வாடகை வீட்டுல இருக்கறவங்க, பிஜில தங்கியிருக்கறவங்க, எல்லாருக்கும் இந்த உரிமை உண்டு.

இதே பிரிவுல பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. நேர்ல வந்து பேசணும்னு கேட்டுக்கிட்டவங்களுக்கு வாய்ப்பு தரணும். கவனிங்க, கேட்டுக்கிட்டவங்களுக்கு. அதனால கடிதத்தோட கடைசில "என் கருத்தை நேரில் தெரிவிக்க வாய்ப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு ஒரு வரி சேர்த்துடுங்க.

மூணு வாசல்ல பெருசு இதுதான். ஒரு மனையை மட்டும் இல்லாம, ஒரு ஏரியா முழுக்க என்ன ஆகணும்னு பேச முடியற இடம் இது. ஆனா ரொம்ப அபூர்வமாத்தான் திறக்கும். சென்னையில ரெண்டாவது பிளானுக்கான வரைவு 2007-ல வந்தது. கோயம்புத்தூர்ல 1994 மாஸ்டர் பிளானுக்கு அப்புறம் அடுத்த வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-லதான். நடுவுல முப்பது வருஷம். அந்தப் பழைய பிளானுக்கு என்னை விட வயசு ஜாஸ்தி! சென்னைக்கு அடுத்து வரவேண்டியது மூன்றாவது மாஸ்டர் பிளான். அந்த ரெண்டு மாச அறிவிப்பைத் தவறவிட்டா மறுபடி எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

கடிதம் எழுதி என்ன ஆகப்போகுதுன்னு தோணலாம். டெல்லியைப் பாருங்க. 2041-க்கான மாஸ்டர் பிளான் வரைவு அங்க 2021-ல வந்தப்போ சுமார் 33,000 ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் போச்சு. 'மைன் பி தில்லி', அதாவது 'நானும் டெல்லிதான்'ங்கற ஒரு மக்கள் பிரச்சாரம் அதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிருந்தது. தெருவோர வியாபாரிகள், வீட்டு வேலை செய்றவங்க மாதிரி ஆட்கள்கிட்ட போய், இந்தப் பிளான் உங்க வாழ்க்கைல எங்க வந்து தொடுதுன்னு பேசினாங்க. பிளான்ங்கறது மனை வெச்சிருக்கறவங்க சமாச்சாரம் மட்டும் இல்லன்னு காட்டின வேலை அது.

இரண்டாவது வாசல்: ஒரே ஒரு மனை மாறும்போது

பிளான் ஒப்புதல் ஆனதுக்கு அப்புறமும் மாற்றங்கள் நடந்துக்கிட்டேதான் இருக்கும். இதுக்குப் பேர் ரீகிளாசிஃபிகேஷன், நில உபயோக மாற்றம். உங்க நிலம் விவசாய மண்டலத்துல இருக்கு, வீடு கட்டணும்னா, உரிமை ஆவணங்களோட கட்டணம் கட்டி சிஎம்டிஏ-கிட்ட விண்ணப்பிக்கலாம். அவங்க இடத்தைப் பார்ப்பாங்க, பத்திரிகையில அறிவிப்பு வரும், தொழில்நுட்பக் குழு பார்த்து, அப்புறம் குழுமத்தோட கூட்டத்துல முடிவாகும்.

ஒத்துக்கிட்டா அரசிதழ்ல, அதாவது கெஸட்ல வரும். 32-வது பிரிவு, உட்பிரிவு 4-ன்படின்னு ஆரம்பிக்கும். இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், முன்னாடி விவசாய மண்டலம், இப்போ குடியிருப்பு மண்டலம். கோட் எழுதறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, அது ஒரு டிஃப். பழைய வரி, புது வரி, அவ்வளவுதான். அந்த நாலஞ்சு வரிக்கு அப்புறம் அந்த இடத்தோட விதி மாறிடுது.

பக்கத்துல குடியிருக்கிற நமக்கு இதுல இடம் எங்க? அந்தப் பத்திரிகை அறிவிப்புலதான். அவகாசம் சில வாரம்தான், கடைசித் தேதி அறிவிப்புலயே இருக்கும். அதுல "வேளச்சேரி லேக் வியூ பக்கத்துல"ன்னெல்லாம் அடையாளம் சொல்லியிருக்க மாட்டாங்க. கிராமமும் சர்வே நம்பரும்தான் இருக்கும். நம்ம மைதானத்தோட நம்பர் நமக்குத் தெரியலைன்னா, பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டே அதைக் கடந்து போயிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்தோட மனு போட்டு அந்தக் கோப்போட நகலைக் கேட்கலாம், நல்ல வழிதான். ஆனா பதில் தர அவங்களுக்கு 30 நாள் இருக்கு. அதுக்குள்ள ஆட்சேபணைத் தேதி முடிஞ்சிடலாம். முதல்ல ஆட்சேபணையைக் குடுங்க. ஆவணம் வந்ததும் கூடுதல் கடிதம் குடுத்துக்கலாம்.

மூன்றாவது வாசல்: நம்ம நிலம் இல்ல, ஆனா மாறணும்

இது கஷ்டமான வாசல். அடுத்தவர் நிலத்துக்கோ பொது நிலத்துக்கோ நம்ம ரீகிளாசிஃபிகேஷன் விண்ணப்பம் போட முடியாது. மனுதான் குடுக்க முடியும். சிஎம்டிஏ உறுப்பினர்-செயலருக்கு ஒண்ணு, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு ஒரு நகல், வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். 2022 விதிகளுக்கு அப்புறம் நகரங்கள்ல ஏரியா சபை வந்திருக்கு. அங்க எழுப்பி, கூட்டக் குறிப்புல ஏறவைங்க.

"இதைப் பார்க் ஆக்குங்க"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, நிலம் யாருடையதுன்னு பாருங்க. மாநகராட்சி நிலம், அரசுப் புறம்போக்குன்னா கோரிக்கைக்கு வலு உண்டு. தனியார் பட்டா நிலம்னா அரசு அதை வாங்கணும். பொதுக் காரியத்துக்குன்னு பிளான்ல ஒதுக்கிட்டு சட்டம் குறிப்பிடற காலத்துக்குள்ள கையகப்படுத்தற வேலையை முன்னெடுக்கலைன்னா, அந்த ஒதுக்கீட்டுல இருந்து நிலம் விடுபட்டதா கருதணும்னு 38-வது பிரிவு சொல்லுது. அதனால பச்சை கலர் அடிச்சா மட்டும் பார்க் வந்துடாது. பின்னாடி பணமும் வரணும். மனுவுல அதையும் சேர்த்துக் கேளுங்க.

கடிதத்துல என்ன எழுதணும்?

"ஆப் வேலை செய்யல"ன்னு ஒருத்தர் டிக்கெட் போட்டா நம்ம என்ன பண்ணுவோம்? எந்த ஸ்கிரீன், எந்த வெர்ஷன்னு கேட்டுட்டு ஓரமா வெச்சிடுவோம். "எங்க ஏரியா நாசமாயிடும்"ங்கற கடிதமும் அப்படித்தான். அதிகாரி கையில எடுத்து வேலை செய்யற மாதிரி இருக்கணும்.

கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு. இப்போ என்ன மண்டலம், என்ன மண்டலமா ஆகணும் அல்லது ஆகக்கூடாது. அப்புறம் காரணம், ஆதாரத்தோட. மழைத் தண்ணி நின்ன போட்டோ, தேதியோட. ரோட்டோட அகலம், டேப் வெச்சு அளந்தது. மழைநீர் வடிகால் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது. பக்கத்து மனைகள்ல இப்போ என்ன இருக்கு. ஒரு பக்கம், மிஞ்சினா ரெண்டு பக்கம். தமிழ்லயே எழுதுங்க. நேர்ல குடுத்தா நகல்ல சீல் வாங்குங்க, தபால்னா, போய்ச் சேர்ந்ததுக்கான சான்று கிடைக்கற மாதிரி அனுப்புங்க. பின்னாடி கோர்ட்டுக்குப் போற நிலைமை வந்தா, நீங்க தேதிக்குள்ள சொன்னீங்கங்கறதுக்கு அதுதான் சாட்சி.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லா மாற்றமும் கெட்டது இல்ல. ஊருக்கு வர்றவங்களுக்கு வீடு வேணும். "எங்க தெருவுல ஹாஸ்டல் வேண்டாம், சின்ன வீடுகள் வேண்டாம்"னு சொல்றதுக்கும் இதே ஆட்சேபணைக் கடிதத்தைப் பயன்படுத்த முடியும், பயன்படுத்தறவங்களும் இருக்காங்க. தண்ணி எங்க போகும்னு கேட்கறது வேற, யார் குடிவருவாங்கன்னு பயப்படறது வேற. எழுதறதுக்கு முன்னாடி நம்மளோடது எதுன்னு நம்மளே கேட்டுக்கணும். இந்த வழி தெரிஞ்சவங்க மட்டும் பேசினா, பிளான் அவங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

ஹோம்வொர்க் சின்னதுதான். உங்க வீட்டுக்கும், பக்கத்துல இருக்கிற காலி இடத்துக்கும் சர்வே நம்பரையும் மண்டலத்தையும் கண்டுபிடிச்சு, தெரு குரூப்ல பின் பண்ணி வைங்க. அடுத்த அறிவிப்பு வரும்போது யாராவது ஒருத்தர் கண்ணுல அந்த நம்பர் படும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.