மென்பொருள் டெஸ்டிங்: நெகிழ்நேர வேலையில் ஒரு நாள் எப்படி ஓடுகிறது?

பிள்ளை பகல் 11 மணிக்கு வீட்டில் இருக்கிறார். பின்னேரம் கடற்கரைக்கும் போய் வருகிறார். இரவு 8 மணிக்கு மடிக்கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் "கியூஏ" என்கிறார். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இப்படியொரு பிள்ளை இருக்கும் வீட்டாருக்கும், அந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும் இந்த விளக்கம்.

கியூஏ என்பது மென்பொருளின் தரத்தை உறுதிசெய்யும் வேலை. டெவலப்பர் எழுதிய செயலி மக்கள் கைக்குப் போகுமுன், அது எங்கே பிசகும் என்று தேடிப் பிடிப்பவர் டெஸ்டர். பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எதை அழுத்திப் பார்ப்பது என்று தெரிவதில்தான் தொழில் இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த தேசிய அடையாள அட்டையை எடுப்போம். ஒரு வங்கிச் செயலியில் அட்டை இலக்கத்தைப் பதிந்தால் பிறந்த திகதி தானாக வர வேண்டும். பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும்; 2016 முதல் வழங்கப்படும் புதியதில் 12 எண்கள். பிறந்த ஆண்டுக்கு அடுத்த 3 எண்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். டெவலப்பர் ஓர் ஆணின் இலக்கத்தையும் ஒரு பெண்ணின் இலக்கத்தையும் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்பிவிடுவார். டெஸ்டர் அந்த நாள் எண்ணின் ஓரங்களிலிருந்து தொடங்குவார்: 0, 1, 366, 367, 500, 501, 866, 867. இவற்றில் 1, 366, 501, 866 ஆகியவற்றைச் செயலி ஏற்க வேண்டும். மற்ற நான்கையும் மறுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இலக்கத்தில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. அதனால் 1999 மார்ச் 1இல் பிறந்தவரின் நாள் எண் 061. நாட்காட்டிப்படி அது 60ஆவது நாள்தான். டெவலப்பர் வழமையான நாட்காட்டிக் கணக்கை வைத்திருந்தால் செயலி மார்ச் 2 என்று காட்டும். ஜனவரியில் பிறந்தவரை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியாது. லீப் ஆண்டில் பிறந்தவரை வைத்துச் சோதித்தாலும் தெரியாது. எவரை வைத்துச் சோதித்தால் தெரியும் என்று யோசிப்பதுதான் டெஸ்டரின் வேலை.

இனி நேரத்துக்கு வருவோம். நெகிழ்நேரம் என்றால் நினைத்த நேரத்தில் வேலை செய்வது அல்ல. பெரும்பாலான இடங்களில் ஒரு நாளில் சில மணி நேரம் எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும். மீதியை அவரவர் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டாய நேரத்தைத் தீர்மானிப்பது வாடிக்கையாளர் இருக்கும் நாடு. லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயோர்க்கில் 9 மணி என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. சிட்னிக்காரருடன் வேலை என்றால் அவர்களின் காலை 9 மணி நமக்கு விடியலுக்கு முந்திய நேரம். இலங்கையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அந்த நாடுகளில் மாற்றுகிறார்கள். அதனால் லண்டன் கூட்டம் மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் ஒரு மணி நேரம் நகரும்.

லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்பவரின் நாள் பொதுவாக இப்படிப் போகும். இரவில் தானாக ஓடிய சோதனைகளின் முடிவைக் காலையில் பார்ப்பார். தோல்வியடைந்து சிவப்பாக நிற்பவற்றில் எது செயலியின் பிழை, எது சோதனை நிரலின் பிழை என்று பிரிப்பார். புதிய பதிப்பு வந்திருந்தால் முதலில் உள்நுழைவு, கட்டணம் போன்ற அடிப்படை வேலைகள் நடக்கின்றனவா என்று பார்ப்பார். அதுவே உடைந்திருந்தால் மேற்கொண்டு சோதிக்காமல் திருப்பி அனுப்புவார். லுஹர் வரை அமைதியான நேரம், ஆழ்ந்து தேடும் வேலைக்கு ஏற்றது. சாப்பாட்டுக்குப் பின் லண்டன் விழிக்கும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன, எது தடை என்று குழு சுருக்கமாகப் பேசும். அஸருக்குப் பிறகு, திருத்தி வந்த பிழைகளை மறுபடி சோதிப்பார். ஒன்றைத் திருத்தியதால் மற்றொன்று உடைந்ததா என்பதையும் பார்ப்பார். மஃரிபுக்கு எழுந்து போய், தேவைப்பட்டால் இரவில் ஒரு மணி நேரம் மீண்டும் உட்காருவார்.

இந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றுவது எழுத்து. நீங்கள் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரத்தில் டெவலப்பர் உங்கள் பிழை அறிக்கையைத் திறப்பார். "போனில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் உங்களை அழைப்பார். நெகிழ்நேரம் அத்தோடு போயிற்று. எந்தப் போன், எந்தப் பதிப்பு, என்னென்ன படிகள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, ஸ்கிரீன்ஷொட் ஒன்று என எல்லாம் இருந்தால் அவர் உங்களைத் தேடாமலே வேலையை முடிப்பார். நன்றாக எழுதத் தெரிந்த டெஸ்டருக்கே நேரம் சொந்தமாகிறது.

வெளியீட்டு நாளில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பதிப்பு மக்களுக்குப் போய்ச் சேரும் வரை எல்லோரும் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் இஃப்தார் நேரத்தை முன்கூட்டியே குழுவின் நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது. பெரும்பாலான குழுக்கள் அனுசரிக்கும், சொன்னால்தான். மின்சாரம் போனாலும் இணையம் நிற்காதபடி ரவுட்டருக்கு ஒரு சிறு பட்டரி, இன்னொரு நிறுவனத்தின் டேட்டா சிம் ஆகியவை இருக்கட்டும். உம்மா, வாப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள்: "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் மகன், கடைக்குப் போய் வா" என்று சொல்லுமுன், கூட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்குப் படிக்கத் தொலைவு போகத் தேவையில்லை. ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பட்டங்கள் உண்டு. டெஸ்டர்களுக்கென்று உலகெங்கும் ஏற்கப்படும் ஐஎஸ்டிகியூபி அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கு 75 நிமிடம் தருவார்கள். 26 சரியானால் தேர்ச்சி. சான்றிதழ் நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோகும். அங்கே நீங்களே சோதித்து எழுதிய பிழை அறிக்கைகள் சில கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

வேலை கிடைத்ததும் நான்கு விடயங்களைக் கேளுங்கள். கட்டாய நேரம் எது? எந்த நாட்டு நேரம்? இரவு வேலைக்கு ஈடு என்ன? நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? கடைசிக் கேள்வி முக்கியம். இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் செலுத்த வேண்டும். சுயாதீன ஒப்பந்தக்காரருக்கு இவை இல்லை. அந்தக் கணக்கையும் சேர்த்தே சம்பளத்தைப் பேச வேண்டும். நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையொப்பமிடுங்கள்.