நீர் வடிந்த வயலும் பொசுபரசுப் பசளையும்

மகாவலி எச் வலயத்துத் தம்புத்தேகமை, கல்னேவை முதலிய இடங்களிற் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் அதே வயலில் மிளகாய், வெங்காயம் முதலியனவும் செய்வது வழக்கம். நெல் குறைவின்றி விளைந்த வயலிலும் சிலவேளை மறுபோகக் கன்றுகள் வேர்பிடித்தும் வளராது குன்றி நிற்பதுண்டு. இலைகள் கரும்பச்சையாகும், தக்காளியாயின் இலையின் அடிப்புறம் ஊதா நிறங்கொள்ளும். இவை பொசுபரசுக் குறைவின் அடையாளங்கள். நெல்லுக்கு இல்லாத குறைவு மிளகாய்க்கு வந்தது எவ்வாறு? கள்ளன் வெளியிலிருந்து வரவில்லை. மண்ணிலுள்ள இரும்பே சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

செம்மண்ணுக்கு நிறந்தருவது துருவை ஒத்த இரும்பு ஒட்சைட்டு. அதன் துகள்களிற் பொசுபேற்று இறுக ஒட்டிக்கொள்ளும். வேர் அதனை எளிதிற் பிரித்தெடுக்கமாட்டாது. ஆயின் வயலில் நீர் கட்டி நின்றாற் காற்று மண்ணுட் புகாது. சில கிழமைகளுள் நுண்ணுயிர்களின் செயலால் இரும்பு கரையும் நிலையை அடைய, அது பற்றியிருந்த பொசுபேற்றும் விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கின்றது. உழுத சேறு செந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாவதைக் கண்டிருப்பீர்கள். அது இம்மாற்றத்தின் அறிகுறியாம். நீர் வடிந்து காற்றுப் பட்டதும் இரும்பு மீண்டும் துருவாகின்றது. புதிதாய் உண்டான இத்துரு மிக நுண்ணியதாதலால், முன்னையிலும் இறுக்கமாகப் பொசுபேற்றைப் பற்றிக்கொள்ளும்.

ஆகவே, நெல்லுக்கு இட்ட பசளையின் எச்சமே போதுமென்று மறுபோகத்தில் அடிக்கட்டுப் பசளையைத் தவிர்த்தல் நன்றன்று. சிபாரிசு செய்யப்பட்ட முச்சுப்பர் பொசுபேற்றை நடுகைக்கு முன்னரே இடுக. பொசுபரசு மண்ணில் நகருந் தூரம் மிகச் சிறிது. மேலே தூவியது பெரும்பாலும் மேலேயே கிடக்கும். நிலமெங்கும் பரப்பிக் கலந்தாலோ இரும்போடு கூடுதலாகச் சேர்ந்து வீணாகும். எனவே நடுகை வரிசையின் அருகே சாலெடுத்து இட்டு, மண்ணால் மூடுதல் வேண்டும். நன்கு உக்கிய மாட்டெருவையும் சேர்த்தால் நன்மை இரட்டிப்பாகும். எருவிலிருந்து உண்டாகும் அமிலங்கள் இரும்புத் துகள்களில் இடம்பிடித்துக்கொள்வதனாற் பயிருக்குரிய பங்கு எஞ்சும்.

1971ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட எப்பாவலை அப்பற்றைற்றுப் படிவு இவ்வயல்களுக்கு அண்மையிலேயே உள்ளது. எனினும் அப்பாறைத்தூள் அமில மண்ணிலேயே, அதுவும் மெதுவாகவே கரையும். தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அது ஏற்றது; சில மாதங்களில் முடியும் மிளகாய்க்கு உதவாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களுக்கும் அது பொருந்தாது. அங்கே பொசுபேற்றைப் பிடிப்பது கல்சியமாகும். சாலிலிடுவதும் எருச் சேர்ப்பதும் அங்கும் பயன்தரும்.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் நிலையோ வேறு. நுவரெலியாப் பகுதியில் ஆண்டுதோறும் அளவுக்கு மிஞ்சிப் பசளையிட்டு வந்த தோட்டங்கள் பலவற்றிற் பொசுபரசு ஏற்கெனவே குவிந்துள்ளது. இரும்பும் எல்லையின்றிப் பிடித்துவைக்காது. மிகுதி மழையில் மண்ணோடு அரித்து ஓடைகளைச் சேரும். அத்தகைய நிலத்தில் இன்னும் ஒரு மூடை இடுவது பணத்தை ஆற்றிற் போடுவதேயாம்.

எந்நிலத்துக்கு எவ்வளவு என்பதை மண்பரிசோதனையால் அறியலாம். வரம்பையும் எருக்கும்பி கிடந்த இடத்தையும் விலக்கி, பல இடங்களில் மேன்மண் எடுத்து ஒன்றாய்க் கலந்து, நிழலில் உலர்த்தி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்குக. மறுபோகப் பயிருக்காயின், வயலின் நீர் வடிந்து மண் உலர்ந்த பின்னரே எடுத்தல் வேண்டும்.